உள்ள விடுவாங்களாக்கா?

(மாணவர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கல்வியும் சாதியும்’ என்று தலைப்புக் கொடுத்து முக்கால் மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். புள்ளிவிவரங்களோடு பேசக்கூடிய தோழர்கள் எனக்குப் பின்னால் வரிசையாக இருக்கிறார்கள். நான் உங்களிடம் இரண்டு சுற்றுலாக்களைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். ஒன்று தோற்றது, இன்னொன்று பாதி ஜெயித்தது.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சேரியில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். நாலைந்து பேர் வேலை முடித்து வந்து பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். பத்தாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். 2023 செப்டம்பரில் அவர்களைச் சென்னைக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்தோம். ஊரைச் சுற்றிக் காட்டுவது, அப்படியே ஒரு கல்லூரியையும் காட்டுவது. ஆளுக்கு நானூறு ரூபாய் வாங்கினோம். கொடுக்க முடியாதவர்களுக்கு நாங்கள் போட்டுக்கொண்டோம். மொத்தம் 26 பிள்ளைகள். அதில் பெண்கள் ஏழு பேர்தான். ‘மெட்ராசுக்கா? பொட்டப்புள்ளய அனுப்ப முடியாது’ என்று நிறைய வீடுகளில் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ரயிலேறி எழும்பூரில் இறங்கினோம். பக்கத்திலேயே அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. அமராவதிச் சிற்பங்களைப் பார்த்தோம். ‘ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி இங்க பௌத்தம் இருந்திருக்கு, அதோட கல்லு இது’ என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பசங்க பக்கத்து அறையிலிருந்த திமிங்கில எலும்பைப் பார்க்க ஓடிவிட்டார்கள். அது சரிதான், பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள். மெட்ரோ ரயிலில் ஒரு சுற்றுப் போனோம். பிறகு கல்லூரி.

எந்தக் கல்லூரி என்று சொல்ல வேண்டாம். நகரத்தில் பெயர் பெற்ற ஒன்று. பெரிய கேட். கேட்டுக்குப் பத்தடி முன்னால் பிள்ளைகள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, அவர்களாகவே நின்றார்கள். பதினோராவது படிக்கும் ஒரு பெண் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: ‘உள்ள விடுவாங்களாக்கா?’

‘விடுவாங்க வாடி’ என்று நான் முன்னால் போனேன்.

விடவில்லை. காவலாளி, ‘லெட்டர் இருக்குதா? எந்த ஊரு? எந்த ஸ்கூலு? இன்னிக்கு லீவு, ஆபீஸ்ல யாரும் இல்ல’ என்றார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கார்கள் உள்ளே போயின. அவற்றில் இருந்தவர்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அந்தக் காவலாளி மேல் எனக்குக் கோபமில்லை. ஒப்பந்தத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர். பேசிய விதத்தைப் பார்த்தால் நம் பக்கத்து மனிதராகத்தான் தெரிந்தார். தவறு எங்களுடையதும்தான். ஞாயிற்றுக்கிழமை போனோம், முன்கூட்டியே கடிதம் கொடுக்கவில்லை. அரை மணி நேரம் கெஞ்சியதில், ‘சுத்திப் பாத்துட்டு பத்து நிமிசத்துல வந்துடணும், சத்தம் போடக் கூடாது’ என்று விட்டார்.

பத்து நிமிடம் நடந்தோம். பெரிய மரங்கள், நூறு வருடக் கட்டடங்கள், பூட்டிய கதவுகள். பிள்ளைகள் ஒருவர் பின்னால் ஒருவர் வரிசையாக, எதையும் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். அருங்காட்சியகத்தில் ஓடி விளையாடிய அதே பிள்ளைகள்! அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மெரினா. கடலில் கால் நனைத்தார்கள், சுண்டல் தின்றார்கள், செல்ஃபி எடுத்தார்கள். ஊர் திரும்பும்போது ரயிலில் ஒரு பையனிடம் கேட்டேன், ‘காலேஜ் எப்படிடா இருந்துச்சு?’ அவன் சொன்னான்: ‘சூப்பரா இருந்துச்சுக்கா. எவ்ளோ பெருசு! ஆனா அதெல்லாம் நமக்கு செட் ஆவாது.’

அந்தப் பையன் அப்போது பன்னிரண்டாவது. 2024இல் தேர்வு எழுதினான். பொறியியல் கட்-ஆஃப் 168. கணக்கு நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் இருநூறுக்கு 168. கலந்தாய்வில் கலந்துகொண்டிருந்தால், பட்டியலினத்துக்கான 15 விழுக்காட்டிலோ, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டிலோ, ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் ஏதாவதொரு பிரிவு கிடைத்திருக்கும். அவன் கலந்தாய்வுக்கே போகவில்லை. பக்கத்து டவுனில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டான். அப்பா வட்டிக்குப் பணம் வாங்கிக் கட்டினார்.

எங்களுக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ‘ஏன்டா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல?’ என்றேன். அவன் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். ‘அக்கா, அந்தக் காலேஜ்லருந்து எங்க ஸ்கூலுக்கு பஸ் அனுப்புனாங்க. உள்ள கூட்டிட்டுப் போயி எல்லா லேபும் காட்டுனாங்க. பிரியாணி போட்டாங்க. எங்க பேரெல்லாம் கேட்டாங்க.’

தோழர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கேட்டைக் காட்டினோம். வியாபாரி அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேரைக் கேட்டான். பிள்ளை எங்கே போவான்? கல்விச் சந்தைக்கு நம் பிள்ளைகளின் கூச்சம் தெரியும். அந்தக் கூச்சத்துக்கு என்ன விலை வைக்கலாம் என்பதும் தெரியும். தெரியாமல் போனது, சமூக நீதி பேசுகிற எங்களுக்குத்தான்.

அதற்குப் பிறகு நான் நிறைய யோசித்தேன். அந்தப் பெண் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டாள்? அதற்கு முன் கல்லூரி வாசலுக்கே போகாதவள் அவள். யாரும் அவளை எந்தக் கல்லூரி வாசலிலும் தடுத்ததில்லை. பின்னே எங்கிருந்து வந்தது அந்தக் கேள்வி?

அது அவளுக்கு முன்னால் பிறந்த கேள்வி. அம்பேத்கர் ஒரு சுற்றுலா போன கதை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவைப் பார்க்க கோரேகானுக்குப் போன கதை பலருக்கும் தெரியும். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்து, இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டி ஓட்டிக்கொண்டு, இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போனார்கள். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலில் அதை அவரே எழுதியிருக்கிறார். அதே நூலில் இன்னொரு பயணம் இருக்கிறது. 1934. அப்போது அவர் வெளிநாடுகளில் முனைவர் பட்டங்கள் பெற்றவர், பாரிஸ்டர், வட்டமேசை மாநாட்டுக்குப் போய் வந்தவர். இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேர், ‘எங்கேயாவது சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம், நீங்களும் வாருங்கள்’ என்று கூப்பிடுகிறார்கள். அவரும் சரி என்கிறார். வேரூல் பௌத்தக் குகைகளை, அதாவது எல்லோராவை, கட்டாயம் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம். நம்மைப் போலத்தான்!

வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலுக்கு வெளியே ஒரு சிறிய குளம், நிறையத் தண்ணீர். உடம்பெல்லாம் புழுதி. சிலர் முகம், கால் கழுவிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டு வருகிறார். கூட்டம் கூடிவிடுகிறது. இவ்வளவுக்கும் அவர்கள் இந்துக்கள் இல்லை, இசுலாமியர்கள். சாதி எல்லா மதத்துக்குள்ளும் கசிந்திருக்கிறது என்பதற்காகத்தான் அம்பேத்கர் அதை எழுதுகிறார். கடைசியில் கோட்டைக்குள் போக அனுமதி கிடைக்கிறது. ஒரு நிபந்தனையோடு: உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது. தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாய் கூடவே வருகிறார்.

சுற்றிப் பார்க்கலாம், எதையும் தொடக் கூடாது. எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குள் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்களே, அவர்கள் கூடவே வந்த சிப்பாய் யார்? கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிப்பாயை வீட்டிலும் ஊரிலும் பள்ளியிலும் நாம் பதினேழு வருடமாகச் சோறு போட்டு வளர்த்திருக்கிறோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தௌலதாபாத் கோட்டை அவுரங்காபாத் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே அவுரங்காபாத்தில் 1950இல் அம்பேத்கர் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அதுதான் மிலிந்த் கல்லூரி. தண்ணீரைத் தொடாதே என்று காவல் போட்ட மண்ணில், பதினாறே வருடங்களில், நம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கக் கல்லூரி. சுற்றுலாப் பயணியாக வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியவர் இல்லை அவர்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உரிமை ஆணை இருந்தது. 1950இல் அது கல்லூரிச் சேர்க்கையில் 14 இடங்களை இப்படிப் பிரித்தது: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அதை எதிர்த்து இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். ஒருவர் சீனிவாசன், கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர். இன்னொருவர் செண்பகம் துரைராஜன், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்டவர். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஆணை செல்லாது என்றது. தந்தை பெரியார் போராட்டம் நடத்தினார், தமிழ்நாடே கொந்தளித்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்தது. 15(4) பிறந்தது. இந்த வரலாறு உங்களுக்குத் தெரியும்.

நான் சொல்ல வருவது வேறொரு சின்னச் செய்தி. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. இது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. விசாரித்துப் பார்த்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம். நேராக உயர் நீதிமன்றம் போய்விட்டார்.

விசாரித்துப் பார்த்தார்! இந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். யாரிடம் விசாரிப்பது, எங்கே விசாரிப்பது, கிடைக்காது என்றால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்பது ஒரு வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. கல்லூரி அவர்களுக்கு மாமா படித்த இடம், சித்தப்பா வேலை பார்க்கிற இடம். சாப்பாட்டு நேரத்திலேயே கல்லூரியைச் சுற்றிப் பார்த்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர் விண்ணப்பம் போடாமலேயே அது தன் இடம் என்று நினைக்கிறார். 168 கட்-ஆஃப் வாங்கிய எங்கள் பையன், இடம் இருந்தும், அது தன் இடம் இல்லை என்று நினைக்கிறான். ‘தகுதி, திறமை’ என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எந்த மதிப்பெண்ணால் அளப்பார்கள்?

இட ஒதுக்கீடு நமக்கு நாற்காலியை உறுதி செய்திருக்கிறது. அந்த நாற்காலி வரை நடந்து போகிற தைரியத்தைச் சட்டத்தால் எழுதிக் கொடுக்க முடியாது. அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அதனால் 2024 நவம்பரில் இரண்டாவது முறை போனோம். இந்த முறை என்னென்ன மாற்றினோம் என்று சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. ஒரு வியாழக்கிழமை போனோம். (வெள்ளிக்கிழமை போனால் எழும்பூர் அருங்காட்சியகம் விடுமுறை.) தலைமை ஆசிரியரிடம் கடிதம் வாங்கி, கல்லூரிக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பி, எழுத்தில் அனுமதி வாங்கினோம். கையில் கடிதம் இருந்தால் பிள்ளைகள் நடக்கும் நடையே வேறு என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

இரண்டாவது, நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் பொறுக்கவில்லை. முதல் பயணத்தில் கொஞ்சம் அப்படித்தான் செய்திருந்தோம். ‘நல்லா மார்க் எடுக்கிறவங்களுக்குத்தான் காலேஜு’ என்று நாங்களே சொல்லாமல் சொல்லிவிட்டோம். இந்த முறை காலாண்டுத் தேர்வில் தோற்ற பிள்ளைகளும் வந்தார்கள். மொத்தம் 18 பேர், அதில் 11 பேர் பெண்கள்.

மூன்றாவது, அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போனோம். நான்கு பேர் வந்தார்கள். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். அம்மா வந்ததால்தான் அத்தனை பெண்கள் வர முடிந்தது.

எழும்பூரிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போனோம். சைதாப்பேட்டை வந்தபோது, ‘இங்கதான் எம்.சி.ராஜா பேருல நம்ம பசங்களுக்கு ஆஸ்டல் இருக்கு. ஆசிரியரா இருந்து சட்டமன்றத்துக்குப் போனவரு’ என்று சொன்னேன். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தோம். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920இல் கிண்டிக்கு வந்த கல்லூரி. ‘1951 வழக்குல சொன்னேனே, அந்தக் காலேஜு இதுதான்’ என்றதும் பிள்ளைகள் கட்டடத்தை வேறு மாதிரிப் பார்த்தார்கள். நம் பெயரால் ஒரு சண்டை நடந்த இடம் என்று தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் கூச்சம் கொஞ்சம் குறைகிறது.

அதே சாலையில் காந்தி மண்டப வளாகம். அங்கே இரட்டைமலை சீனிவாசன் மணிமண்டபம் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதருக்கும் 2023 டிசம்பரில் மணிமண்டபம் திறந்திருக்கிறார்கள். நாங்கள் முதல் முறை வந்தபோது அது திறக்கப்படவில்லை. பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் பொதுக் கட்டடங்களுக்குள் போகவும் யாரையும் தடுக்கக் கூடாது என்று 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. சீனிவாசன் அப்போது அந்த அவையின் உறுப்பினர். ‘உள்ள விடுவாங்களாக்கா?’ என்ற கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே எழுதப்பட்ட பதில் அது. அதை அந்தப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வைத்துத்தான் சொன்னேன்.

அங்கே மர நிழலில் உட்கார்ந்து கட்டுச் சோறு சாப்பிட்டோம். நகரத்தில் வெவ்வேறு கல்லூரிகளில் படிக்கும் ஐந்து பேரை அங்கே வரச் சொல்லியிருந்தோம். எல்லோரும் நம்மைப் போன்ற ஊர்களிலிருந்து போனவர்கள், முதல் தலைமுறை. பேச்சாளர், பார்வையாளர் என்றெல்லாம் இல்லாமல் பிள்ளைகளோடு கலந்து உட்கார்ந்தார்கள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மாக்கள்தான் ஆரம்பித்தார்கள். ‘ஆஸ்டல்ல ராத்திரி கேட்டு எத்தினி மணிக்கு சாத்துவாங்க?’ ‘ஒடம்பு சரியில்லன்னா யாரு பாத்துக்குவாங்க?’ ‘புள்ளைங்க பாத்ரூமுல தாப்பாள் இருக்குதா?’ இந்தக் கேள்விகளை எந்தக் கல்லூரிக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. ஒரு பெண் படிப்பைத் தொடர்வாளா, பாதியில் ஊர் திரும்புவாளா என்பதை இந்த மூன்று கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. ஆதிதிராவிடர் விடுதிகளுக்கு இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். தாழ்ப்பாளும் தண்ணீரும் மூன்று வேளையும் நல்ல சோறும் இருந்தால்தான் அது பொருத்தமான பெயர் ஆகும்.

பிறகு ஒரு பெண் கேட்டாள்: ‘அக்கா, அங்க சாதி பாப்பாங்களா?’

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘அதெல்லாம் இல்லம்மா’ என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். ஒரு மாணவி சொன்னாள்: ‘பாப்பாங்க. நேரா கேக்க மாட்டாங்க. கட்-ஆஃப் எவ்ளோன்னு கேப்பாங்க. சொன்னவொடனே ஓஹோன்னு ஒரு பார்வை பாப்பாங்க. அதுதான் இங்க சாதி கேக்குற விதம். நான் மொத செமஸ்டர் பூரா அழுதேன். ரெண்டு பேப்பர் அரியர். அப்புறம் சீனியர் அக்கா ஒருத்தங்க வந்து உக்காந்தாங்க. இப்ப நான் மூணாவது வருசம், அரியர் ஒண்ணும் இல்ல. நீ வந்தா உன் பக்கத்துல நான் உக்காருவேன்.’

அவளுடைய கல்லூரி எது என்று வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சொல்லவில்லை. எல்லாக் கல்லூரிக்கும் பொருந்துகிற செய்திதானே அது.

தோழர்களே, பிள்ளைகளுக்கு நாம் பொய் சொல்லக் கூடாது. ‘உள்ளே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது பொய். ரோகித் வெமுலா உள்ளே போனவர்தான். 2016 சனவரி 17 நமக்கு மறக்காது. உள்ளே சாதி இருக்கிறது என்று தெரிந்தே போக வேண்டும். அங்கே கேட்பதற்கும் வழி இருக்கிறது என்று தெரிந்து போக வேண்டும். பாகுபாடு குறித்த புகார்களை விசாரிக்க ஒவ்வொரு உயர் கல்வி நிறுவனத்திலும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதி கொண்டுவந்தது. அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் ஒரு கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேட்டார்கள்: ‘சார், சமவாய்ப்பு மையம் எங்க இருக்கு?’ அந்த அலுவலர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்துபோய் இன்னொருவரிடம் கேட்டுவிட்டு வந்து அறை எண்ணைச் சொன்னார். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அதோடு இன்னும் சில கேள்விகளை எழுதி எடுத்துப் போயிருந்தார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் எப்போது வாங்க வேண்டும்? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம்தானா, அந்தப் பணம் வரும்வரை கட்டணம் கட்டச் சொல்வார்களா? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாய்க்குக் கல்லூரியில் யாரைப் பார்க்க வேண்டும்? 7.5 விழுக்காட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை கிடையாது என்பது சரிதானா? கேள்வி கேட்கிற பிள்ளைக்குக் கை கட்டத் தோன்றாது. அவன் சுற்றுலாப் பயணியாக இருப்பதும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

சாயங்காலம் மறுபடியும் மெரினா. சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கடலைப் பார்ப்பதும் சுண்டல் தின்பதும் நம் பிள்ளைகளின் உரிமை. எங்கள் அம்மாக்களில் மூன்று பேர் அன்றைக்குத்தான் முதல் முறை கடலைப் பார்த்தார்கள். ஒருவர் புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு அலையில் நின்று சிரித்த சிரிப்புக்காக இன்னும் பத்து முறை போகலாம்.

ஆனால் மணலில் நிற்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ஆயிரக்கணக்கான மக்கள், எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால், சாலைக்கு அந்தப் பக்கம், வரிசையாகக் கல்லூரிகள். 1840இல் தொடங்கிய மாநிலக் கல்லூரி, 1857இல் நிறுவிய சென்னைப் பல்கலைக்கழகம், 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி. ராணி மேரி கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட 2003இல் அரசு முடிவு செய்தபோது மாணவிகள் போராடி அதைக் காப்பாற்றினார்கள். எத்தனை தலைமுறையாக நம் மக்கள் லாரியிலும் வேனிலும் வந்து இந்த மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமலேயே ஊருக்குப் போயிருக்கிறார்கள்!

பிள்ளைகளைத் திரும்பி நிற்கச் சொன்னேன். ‘அதோ பாருங்க, அதெல்லாம் அரசோடது. அரசுன்னா நம்ம வரிப்பணம். வாங்க, அந்தப் பக்கமா நடந்து போயி பஸ் ஏறலாம்.’

சரி, என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. 18 பேரில் பன்னிரண்டாவது படித்தவர்கள் பத்துப் பேர். இரண்டு பேர் தோற்று, துணைத் தேர்வு எழுதினார்கள். ஒரு பெண்ணுக்கு வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்கள். நாங்கள் போய்ப் பேசியும் தடுக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா அன்றைக்கு எங்களோடு வரவில்லை. வந்திருந்தால் மாறியிருக்குமா என்று இன்னமும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மற்ற ஏழு பேரும் கல்லூரியில் இருக்கிறார்கள். ஏழும் அரசுக் கல்லூரி இடங்கள். யாரும் ஏஜென்டிடம் போகவில்லை.

அதில் ஒருத்தி, 2023இல் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ‘உள்ள விடுவாங்களாக்கா?’ என்று கேட்டவள். 2025 மே மாதம் அவளுக்கு அரசு கலைக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் போட்டோம். பட்டியலின மாணவர்களுக்கு வெறும் 2 ரூபாய் பதிவுக் கட்டணம். இரண்டு ரூபாய்தான் செலவு, தோழர்களே! அந்த இரண்டு ரூபாய்ப் படிவம் வரை வந்து சேர அவள் இரண்டு முறை சென்னைக்குப் போய் வர வேண்டியிருந்தது.

விருப்பப் பட்டியலில் முதல் பெயராக அவள் சென்னையில் ஒரு கல்லூரியைப் போட்டாள். ‘பக்கத்துல ஏதாவது போடலாமே, தினம் வீட்டுக்கு வந்துடலாமே’ என்று நான்தான் தயங்கினேன். அவள் சொன்னாள்: ‘நான் பாத்த காலேஜுக்கா அது.’

இப்போது அங்கே முதலாண்டு படிக்கிறாள்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களிடம் மூன்று கோரிக்கைகள் வைத்து முடிக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஒரு நாள் உங்கள் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இருபத்தாறு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். கட்டடத்தைக் காட்டாதீர்கள். நீங்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டுங்கள், கேன்டீனில் டீ வாங்கிக் கொடுங்கள், நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுங்கள். தொடச் சொல்லுங்கள்.

அரசு இப்போது ‘நான் முதல்வன்’ திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரிக் களப்பயணம் அழைத்துப் போகிறது. வரவேற்க வேண்டிய வேலை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு அந்தப் பேருந்து வருகிறதா, யாரெல்லாம் ஏறுகிறார்கள், யார் விடுபடுகிறார்கள், பெற்றோருக்கும் இடமுண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மனுக் கொடுங்கள்.

மூன்றாவது, புதிதாக வருகிற பிள்ளையிடம் கட்-ஆஃப் கேட்கும் கூட்டத்தில் நீங்கள் நிற்காதீர்கள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். பெயரைக் கேளுங்கள்.

போன வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. படிப்பகத்துக்கு வரும் பத்தாவது பிள்ளைகளை அவளுடைய கல்லூரிக்குக் கூட்டி வரச் சொல்கிறாள். ‘லெட்டர் நான் ஆபீஸ்ல குடுத்துட்டேங்க்கா. எந்தக் கிழமைன்னு மட்டும் சொல்லுங்க. கேட்டுல நான் வந்து நிக்கிறேன்’ என்றாள்.

போகப் போகிறோம்.